எறிவதா? ஏறுவதா?

ஒரு எந்திரம் தட்டு எறிகிறது. குறி பார்த்து எறிகிறது. எறிந்து முடித்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தில் ஏறுகிறது!

இது கதை அல்ல. 2013-ம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்னும் சில நாடுகளிலும் நடந்தது. அந்த எந்திரங்களைச் செய்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் அல்ல. உயர்நிலைப் பள்ளி மாணவ-மாணவிகள்!

இதைப் பார்த்துப் பலர் வியந்தார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால், நான் கேட்பது வேறு கேள்வி.

அந்த எந்திரங்களில் எது கெட்டிக்கார எந்திரம்? எல்லா வேலைகளையும் செய்யப் பார்த்ததா? ஒரே வேலையை ஒழுங்காகச் செய்ததா?

ஒரே வேலையைச் செய்ததுதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

போட்டி பிறந்த கதை

டீன் கேமன் என்று ஒரு அமெரிக்கர். புதுப் பொருள்களைக் கண்டுபிடிப்பதே அவர் தொழில். நீரிழிவு நோயாளிகள் உடம்போடு கட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்பு அவர் செய்தது. நின்றுகொண்டே போகும் இரண்டு சக்கர "செக்வே" வண்டியும் அவர் செய்ததுதான்.

பந்து ஆடும் பையனுக்கு ஊரே கை தட்டுகிறது. விஞ்ஞானம் படிக்கும் பையனுக்கு யார் கை தட்டுகிறார்கள்? இதுதான் அவருடைய குறை. ஆகவே 1989-ல் "பர்ஸ்ட்" என்ற அமைப்பைத் தொடங்கினார். எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி பிளவர்ஸ் துணைக்கு வந்தார். மாணவர்களை எந்திரம் செய்யச் சொல்லி, அந்த எந்திரங்களைப் போட்டிக்கு விட்டுப் பாடம் நடத்தியவர் அவர்.

முதல் போட்டி 1992-ல் நடந்தது. இடம், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள மான்செஸ்டர் நகரம். ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி அறைதான் மைதானம். வந்தவை 28 குழுக்கள். 2013-ல் எத்தனை தெரியுமா? 2 ஆயிரத்துக்கும் மேலே!

இந்தப் போட்டியில் ஒரு வேடிக்கை. ஆண்டுக்கு ஆண்டு ஆட்டம் மாறும். என்ன ஆட்டம் என்பது ஜனவரி வரை ரகசியம். ஜனவரி முதல் வாரத்தில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நாளில் விதிகளைச் சொல்வார்கள். அன்றே வேலை தொடங்கும்.

2013-ல் அந்த நாள் ஜனவரி 5. எந்திரத்தைப் பையில் போட்டு மூடி முத்திரை வைக்க வேண்டிய நாள் பிப்ரவரி 19. இடையில் இருந்தது ஆறரை வாரம். பள்ளிக்கூடத்துப் பாடமும் உண்டு. பரீட்சையும் உண்டு. எந்திர வேலை எல்லாம் மாலையிலும் இரவிலும்தான்!

என்ன ஆட்டம்?

அந்த ஆண்டு ஆட்டத்துக்கு "அல்டிமேட் அசென்ட்" என்று பெயர். "அல்டிமேட்" என்பது அந்த நாட்டில் தட்டு வீசி ஆடும் ஒரு விளையாட்டின் பெயர். "அசென்ட்" என்றால் ஏற்றம். எறிவது, ஏறுவது இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள்.

ஆடுகளம் 54 அடி நீளம், 27 அடி அகலம். ஒரு அணிக்கு 3 எந்திரங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அணிகள் மோதும். ஆட்டம் மொத்தம் 2 நிமிடம் 15 விநாடி. அவ்வளவுதான். ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

முதல் 15 விநாடிகளுக்கு யாரும் எந்திரத்தைத் தொடக் கூடாது, இயக்கவும் கூடாது. அதுவே தன் புத்தியால் நடக்க வேண்டும். பிறகு 2 நிமிடம் மாணவர்கள் வெளியே நின்று அதை ஓட்டலாம்.

எறிய வேண்டிய தட்டு, பிளாஸ்டிக்கால் ஆனது. குறுக்களவு 11 அங்குலம். எடை சுமார் 180 கிராம். நம் வீட்டு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்த வடிவம். களத்தின் ஒரு கோடியில் நீளமான துவாரங்கள் இருக்கும். உயரத்தில் உள்ள துவாரத்தில் தட்டு விழுந்தால் 3 புள்ளி. நடுத் துவாரம் 2. கீழே 1. முதல் 15 விநாடிக்குள் போட்டால் எல்லாமே இரட்டிப்பு!

அடுத்தது கோபுரம். எகிப்து நாட்டுப் பிரமிடு போல, சாய்ந்த குழாய்களால் கட்டியது. தரையில் இருந்து 2½ அடியில் ஒரு குறுக்குக் கம்பி. 5 அடியில் ஒன்று. 7½ அடியில் ஒன்று. ஆட்டம் முடியும்போது எந்திரம் தரையை விட்டுத் தொங்கினால் 10 புள்ளி. முழு உடம்பும் முதல் கம்பிக்கு மேலே இருந்தால் 20. இரண்டாவது கம்பிக்கும் மேலே போய்விட்டால் 30. கோபுரத்தின் உச்சியில் ஒரு கூடையும் உண்டு. அதில் வண்ணத் தட்டைப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி.

இதைப் படித்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? "எறியவும் வேண்டும், ஏறவும் வேண்டும், கூடையிலும் போட வேண்டும்" என்றுதானே? பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கேதான் ஆபத்து!

சாப்பாட்டுக் கடைக்குப் போகிறோம். பலகையில் இட்டலி, பூரி, பிரியாணி என்று வரிசையாக எழுதி இருக்கிறது. எழுதி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வோமா? பையில் இருக்கும் காசைப் பார்ப்போம். விதிப் புத்தகமும் அந்தப் பலகை மாதிரிதான். குழுவின் பையில் இருப்பது ஆறரை வாரம். எந்திரத்தின் எடையோ 120 ராத்தலுக்கு மேல் போகக் கூடாது. அதாவது சுமார் 54 கிலோ. பேட்டரியும் மோதல் மெத்தையும் தனி.

தட்டு பறப்பது எப்படி?

தட்டு எறிவது சின்னக் குழந்தை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். தட்டைச் சும்மா முன்னால் தள்ளினால் அது தலைகுப்புற விழும். சுற்றிக்கொண்டே போக வேண்டும்.

பம்பரத்தைப் பாருங்கள். நிற்கும்போது ஆணியின் மேல் அதை நிறுத்த முடியாது. வேகமாகச் சுற்றும்போது நேராக நிற்கிறது. தட்டும் அப்படியே. சுற்றும் வரை அது சாயாது. சாயாத தட்டு காற்றைக் கீழே தள்ளும். காற்று தட்டை மேலே தாங்கும். அதனால்தான் அதே எடை உள்ள கல்லைவிடத் தட்டு மிதந்து மிதந்து தூரம் போகிறது.

எந்திரத்துக்கு மணிக்கட்டு இல்லையே, எப்படிச் சுற்றிவிடுவது? மாணவர்கள் கண்ட வழி எளிது. ஒரு பக்கம், மோட்டாரில் வேகமாகச் சுற்றும் ரப்பர்ச் சக்கரம். எதிர்ப்பக்கம், அசையாத சுவர். நடுவில் தட்டு. சக்கரம் தட்டின் ஒரு விளிம்பை இழுக்கும். மறு விளிம்பைச் சுவர் பிடித்துக்கொள்ளும். தட்டு சுவர் ஓரமாக உருண்டுகொண்டே போய் வெளியே பாயும். வேகமும் கிடைத்தது, சுற்றும் கிடைத்தது!

ஆனால், இதில் ஒரு நஷ்டம் உண்டு. உருண்டு போவதால், சக்கரத்தின் விளிம்பு என்ன வேகத்தில் ஓடுகிறதோ அதில் பாதி வேகம்தான் தட்டுக்குக் கிடைக்கும். ஆகவே சக்கரம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்ற வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. முதல் தட்டு சரியாகப் போகும். இரண்டாவது தட்டு தாழ்ந்து போகும். ஏன்? முதல் தட்டு சக்கரத்தின் வேகத்தில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சக்கரம் இழந்த வேகத்தைத் திரும்பப் பெறும் முன்பே அடுத்த தட்டைக் கொடுத்தால், அது குறிக்குக் கீழே போய் இடிக்கும். ஆகவே, சக்கரத்தின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று வேண்டும். வேகம் வந்த பிறகு தட்டைத் தள்ளும் ஏற்பாடு வேண்டும். சில குழுக்கள் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள் வைத்தன. சிலர் சக்கரத்தின் கனத்தைக் கூட்டினார்கள். கனமான சக்கரம் லேசில் வேகம் இழக்காது. ஆனால் வேகம் எடுக்கவும் நேரம் ஆகும்!

ரப்பர் எவ்வளவு அழுத்த வேண்டும், வாய் எவ்வளவு நிமிர வேண்டும், தேய்ந்த தட்டு வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றையும் எறிந்து எறிந்துதான் கண்டுபிடிக்க முடியும். ஒட்டுப்பலகையில் சக்கரத்தைப் பூட்டி, முதல் வாரத்திலேயே எறிந்து பார்த்தவர்கள் பிழைத்தார்கள்.

ஒரு எந்திரம் ஒரு தடவைக்கு 4 தட்டுகள் வரை வைத்துக்கொள்ளலாம். நாலும் உயரத் துவாரத்தில் விழுந்தால் 12 புள்ளி.

ஏறுவதில் என்ன கஷ்டம்?

பேட்டரியும் மெத்தையும் சேர்த்தால் எந்திரத்தின் எடை 68 கிலோ வரை வரும். ஒரு முழு ஆள் எடை! அந்த எடையை 5 அடிக்கு மேலே தூக்க வேண்டும்.

அதற்குப் பெரிய சக்தி வேண்டும் என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. 20 விநாடி எடுத்துக்கொண்டு ஏறினால், வேண்டிய சக்தி சுமார் 50 வாட். நம் வீட்டுக் கூரையில் சுற்றும் மின்விசிறி இழுக்கும் அளவுதான்! உராய்வில் வீணாவதைச் சேர்த்தாலும் மோட்டாருக்கு அது பெரிய சுமை அல்ல.

பிறகு என்ன கஷ்டம்? கை மாற்றுவதுதான் கஷ்டம்.

பனை ஏறுகிறவரைப் பாருங்கள். கையால் மரத்தை அணைத்துக்கொண்டு காலை உயர்த்துகிறார். பிறகு காலால் கவ்விக்கொண்டு கையை உயர்த்துகிறார். எப்போதும் ஏதாவது ஒன்று மரத்தைப் பிடித்தபடியே இருக்கும். இரண்டும் ஒரு கணம் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம்.

எந்திரமும் அப்படித்தான் ஏற வேண்டும். கம்பிகளை வரிசையாகத்தான் பிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளுக்கு மேல் தொடக் கூடாது என்றும் விதி. ஆகவே, நீளமான ஒரே கையை நீட்டி உச்சிக் கம்பியைப் பிடித்துத் தொங்கும் குறுக்கு வழி அடைபட்டது. முதல் கம்பியைக் கொக்கியால் பிடித்து உடம்பை இழுத்து, அடுத்த கொக்கியால் இரண்டாவது கம்பியைத் தேடிப் பிடித்து, முதல் கொக்கியை விடுவித்து, இப்படியே போக வேண்டும். கோபுரமோ சாய்வானது. ஏற ஏற எந்திரம் ஊஞ்சல் போல ஆடும். கொக்கி அரை அங்குலம் தள்ளிப் போனாலும் கம்பி அகப்படாது.

இன்னொன்று. ஆட்டம் முடிந்ததும் மோட்டார்கள் நின்றுவிடும். மோட்டாரின் பிடியில் மட்டுமே தொங்கிய எந்திரம் அப்போது வழுக்கிக் கீழே வரும். கிணற்று ராட்டினத்தில் கயிற்றை விட்டால் வாளி ஓடுகிறதே, அது மாதிரி! அதைத் தடுக்கப் பின்னோக்கிச் சுற்றாத பல்சக்கரமோ, பூட்டோ தனியாக வேண்டும். அதற்கும் எடை. அதற்கும் நாள்.

கணக்கு என்ன சொல்கிறது?

30 புள்ளி என்றதும் வாயில் எச்சில் ஊறும். 10 தட்டுகளுக்குச் சமம் அல்லவா!

கொஞ்சம் பொறுங்கள். ஒரு எந்திரம் கடைசி 50 விநாடிகளை ஏறுவதற்கே செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சரியாக நடந்தால் 30 புள்ளி. பாதியில் சிக்கிக்கொண்டால் 10. விழுந்தால் ஒன்றும் இல்லை, எந்திரமும் உடையும்.

பக்கத்தில் இன்னொரு எந்திரம். அது தட்டு மட்டும் எறியும். போய் 4 தட்டுகளை வாங்கி, வந்து எறிய 20 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 விநாடியில் இரண்டு நடை. 24 புள்ளி. மீதி 10 விநாடியில் முதல் கம்பியில் கொக்கியை மாட்டி, தரையை விட்டு ஒரு சாண் எழும்பித் தொங்குகிறது. 10 புள்ளி. ஆக 34!

ஒரு தட்டு தவறினாலும் அதற்குப் போவது 3 புள்ளிதான். ஏறுகிறவனுக்கோ ஒரே பிடியில் எல்லாம்.

உயரம் குறைந்த எந்திரத்துக்கு இன்னொரு லாபமும் இருந்தது. கோபுரத்தின் அடியிலேயே புகுந்து மறுபக்கம் போய்விடலாம். ஏறுவதற்காகக் கையும் கொக்கியும் சுமந்த நெட்டை எந்திரங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டி இருந்தது. களத்தின் மறு கோடியில் நின்றபடியே, முழுக் களத்தையும் தாண்டித் தட்டு எறிந்த எந்திரங்களும் உண்டு. அவற்றை மறைக்க, எதிரணியினர் உயரமான தடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் ஆரவாரம் செய்தது!

கடைசிப் போட்டி 2013 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. 400 குழுக்கள் வந்தன. ஆர்க்கிமிடீஸ், கியூரி, கலிலியோ, நியூட்டன் என்று நான்கு பிரிவுகள். நான்கிலும் வென்றவர்கள் மோதிய களத்துக்கு ஐன்ஸ்டீன் பெயர். கோப்பையை வென்ற அணியில் கனடாவின் டொரன்டோ, மிசிசாகா நகரங்களைச் சேர்ந்த இரண்டு குழுக்களும், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் குழு ஒன்றும் இருந்தன. மூன்றுமே தட்டு எறிந்து புள்ளி குவிப்பதில் சூரர்கள்.

அப்படியானால் ஏறவே கூடாதா?

கூடாது என்று நான் சொல்லவில்லை. உச்சி வரை ஏறி, உச்சிக் கூடையில் 4 வண்ணத் தட்டுகளையும் கொட்டிய எந்திரங்கள் இருந்தன. 30-ம் 20-ம் 50 புள்ளி! அவை அற்புதமான எந்திரங்கள். ஆனால் அந்த மாதிரி எந்திரத்துக்கு முதல் நாளில் இருந்தே ஏறுவதுதான் உயிர். சட்டம், சக்கரம், எடை எல்லாமே ஏறுவதற்காக அமைய வேண்டும். அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆறரை வாரமும் அதற்கே கொடுத்தால், எனக்கு ஆட்சேபம் இல்லை. கைதட்டுவேன்.

நான் ஆட்சேபிப்பது இரண்டிலும் கால் வைப்பதை. முதல் மூன்று வாரம் எறியும் சக்கரம். அது சரியாகும் முன்பே ஏறும் கை. இரண்டும் சேர்ந்ததும் எடை கூடிவிடும். எடையைக் குறைக்கச் சட்டத்தில் துளை போடுவார்கள். ஓட்டிப் பழக நாள் இருக்காது. களத்தில் இறங்கியதும் எறியவும் எறியாது, ஏறவும் ஏறாது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

"தோற்றால் என்ன? பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் இரண்டு விஷயங்களை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஒன்று, பணம். 2013-ல் இந்தப் போட்டிக்குப் பதிவுக் கட்டணமே 5 ஆயிரம் டாலர். அந்தப் பணத்தைப் பிள்ளைகள் ஊரில் கடை கடையாக ஏறி இறங்கித் திரட்டுகிறார்கள்.

இன்னொன்று, கூட்டாளிகள். தகுதிச் சுற்றுகளில் யாரோடு யார் சேர்வது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். முன்பின் தெரியாத மூன்று பள்ளிகள் ஒரே அணி ஆகும். உங்கள் எந்திரம் நடுக்களத்தில் நின்றுவிட்டால், மற்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்து தோற்கிறார்கள். ஆறரை வாரம் அவர்களும்தானே கண் விழித்தார்கள்? தட்டு மட்டும் எறிந்தாலும், சொன்னபடி எறிகிற எந்திரம் கூட்டாளிக்குப் பெரிய தைரியம்.

பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழுக்களுக்குத் துணையாக என்ஜினீயர்களும் ஆசிரியர்களும் இருப்பார்கள். சில இடங்களில் பெரியவர்களே எந்திரத்தைச் செய்துவிடுகிறார்கள் என்ற புகார் இந்தப் போட்டியில் நெடுநாளாக உண்டு. அரம் பிடிக்கவும் துளை போடவும் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும். அதில் தவறு இல்லை. ஆனால் எதை விடுவது என்ற முடிவைப் பிள்ளைகளிடம் விட வேண்டும். "ஏறும் கை வேண்டாம்" என்று முடிவு கட்டுவது, ஏறும் கை செய்வதைவிடக் கடினம். ஆசையோடு வரைந்த படத்தைத் தன் கையாலேயே ஓரம் வைக்க வேண்டும். பக்கத்துப் பள்ளிக்காரர்கள் கேலி செய்வார்களோ என்ற பயத்தையும் தாங்க வேண்டும். அந்த வேலையை அப்பாவோ என்ஜினீயரோ செய்துவிட்டால், பிள்ளைக்கு மிஞ்சுவது திருகாணி முடுக்குவதுதான்.

எந்திரத்தைப் பையில் போட்டு மூடும் விதியை 2020-ம் ஆண்டில் எடுத்துவிட்டார்கள். போட்டி நாள் வரை எந்திரத்தில் கை வைக்கலாம் என்று ஆகிவிட்டது. அவசரம் குறையும், பிள்ளைகள் இரவில் தூங்குவார்கள் என்று சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று வாரம் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த ஏறும் கையை இன்னொரு தடவை மாட்டிப் பார்ப்போமே என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் போகிறார்!